இறங்காத விமானம்

அடி அண்ணாமலை டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒரு அம்மா வெறுங்காலோடு கிரிவலம் வருகிறார். அவருடைய மகள் வேலைக்காக முதல்முறையாக துபாய்க்குப் பறக்கிறாள். சென்னையில் விமானம் கிளம்பிய நேரத்துக்கு இவர் நடக்கத் தொடங்கியிருக்கிறார்.

"அவளுக்கும் நாலு மணி நேரம், எனக்கும் நாலு மணி நேரம்னு கணக்கு போட்டேங்க. முட்டி வலி உக்கார வச்சிடுச்சு. இறங்கிட்டாளானு உங்க போன்ல பாருங்களேன்."

அவர் நீட்டும் காகிதத்தைப் பார்த்து விமான எண்ணைத் தட்டுகிறேன். தூரம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். இறங்க வேண்டிய நேரம் தாண்டி இருபது நிமிடம் ஆகிவிட்டது. திரையில் குட்டி மஞ்சள் விமானம் துபாய்க்குப் பக்கத்தில் கடல்மேல் வட்டம் போடுகிறது. ஓடுபாதை காலியாவதற்காகக் காத்திருக்கும், வேறொன்றும் இருக்காது. ஆனாலும் இன்னொரு முறை எண்ணைச் சரிபார்க்கிறேன்.

"கிட்ட போயிடுச்சும்மா. இறங்காம சுத்திட்டு இருக்கு."

"எவ்ளோ நேரமா?"

"இது மூணாவது சுத்து."

பாதி டீயை பெஞ்சில் வைத்துவிட்டு எழுகிறார்.

"கொஞ்சம் உக்காருங்கம்மா."

"அவ கீழ இறங்கறவரைக்கும் நான் எப்படிங்க உக்கார்றது?"

முட்டியைப் பிடித்தபடி நடக்கிறார். போன் என்னிடம்தான் இருக்கிறது. செருப்பைக் கடையோரம் கழற்றிவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே நானும் அவர் பின்னால் போகிறேன். விமானம் நாலாவது வட்டத்தைத் தொடங்குகிறது.