நாடா வந்து சேரும் நேரம்

ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1964இல் நான் குமாரபாளையம் திரும்பியபோது, ரேடியோ பழுது பார்க்கும் என் சித்தப்பா சூசைமாணிக்கம், கடையைப் பூட்டிவிட்டு ஒரு விசைத்தறிப் பட்டறையில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அந்தத் தறியை ஓட்டியவள் சித்தி செல்வமேரி.

சித்திக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. முதலாளி காளியண்ணனுக்கு அது தெரியாது. தறி ஓடும்வரை கைப்பழக்கமே போதும். குறுக்கு நூலைச் சுமந்து இரு பக்கமும் ஓடும் நாடா பாதி வழியில் சிக்கிக்கொண்டால்தான் ஆபத்து. நீளவாக்கில் கட்டிய பாவில் நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்துவிடும். ஒவ்வொன்றையும் கண்ணால் தேடி முடிச்சுப் போட வேண்டும். அதில் முதலாளியிடம் மாட்டினால் தறி கையை விட்டுப் போய்விடும்.

பெட்டி அதற்காகத்தான். நாடாவில் ஒரு சிறு காந்தம், தறியின் இரு பக்கமும் கம்பிச் சுருள். நாடா கிளம்பியதும் பெட்டிக்குள் இருந்த ரேடியோ வால்வு நேரத்தை எண்ணும். எதிர்ப்பக்கம் சேர வேண்டிய நேரத்தில் சேரவில்லையென்றால், இழை அறுவதற்குள் தறி நின்றுவிடும்.

அன்று நாடா ஒழுங்காகப் போயும் தறி ஏழு முறை நின்றது.

"மாணிக்கம், உம்பட பெட்டி தறிய ஓட்டுதா, தூங்க வெக்குதா?" என்றார் காளியண்ணன்.

"வோல்டேஜ் எறங்கிப்போச்சுங்க. காட்டுல பூரா தண்ணி பாய்ச்ச மோட்டார் போட்டுட்டாங்க. தறி மெதுவாப் போவுது, பெட்டிக்கு அது தெரியிலீங்க."

"அப்ப அதுக்கு என்னதான் தெரியும்? இன்னொருக்கா நின்னா களட்டிக்கிட்டுப் போயிரு."

பக்கத்துத் தறிக்காரர்கள் சிரித்தார்கள்.

காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட ஒரு திருகு இருந்தது. சித்தப்பா அதைத் தொடத் தயங்கினார். நேரம் கூடினால், நாடா உண்மையாகவே சிக்கும்போது பெட்டி பிந்திவிடும்.

"திருகுங்க. பெட்டியே இல்லாததுக்கு இது தேவுல," என்றாள் சித்தி.

திருகினார். தறி நிற்காமல் ஓடியது. ஒரு மணி நேரம் கழித்துக் காட்டு மோட்டார்கள் நின்றிருக்க வேண்டும். பெட்டியிலிருந்த வோல்டேஜ் மீட்டரின் முள் சட்டென்று ஏறியது. தறி வேகமெடுத்தது. பெட்டியோ இன்னும் மெதுவான தறிக்காகவே காத்துக்கொண்டிருந்தது. அவர் கை திருகை எட்டுவதற்குள் நாடா சிக்கியது. துணி கிழிவதுபோல் ஒரு சத்தம்.

சித்தி குனிந்து விரலால் இழைகளைத் தடவினாள். காளியண்ணன் நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மிணி, அதுக்கு நேர் இழை அந்தப் பக்கமல்ல இருக்குது? கண்ணு தெரியிலியா?"

சித்தி அந்த இழையை விட்டுவிட்டு அடுத்ததைத் தடவினாள்.

"நான் முடிச்சுப் போடறனுங்க," என்று சித்தப்பா பக்கத்தில் போய் நின்றார். எந்த இழை எதனுடையது என்று அவருக்கும் தெரியவில்லை.

"தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க," என்றாள் சித்தி மெதுவாக.

மறுநாள் அந்தத் தறியில் பெருமாயி என்ற பெண் நின்றாள். பெட்டியைக் கழற்றச் சித்தப்பாவேதான் போக வேண்டியிருந்தது. அதன் கம்பிகள் வேறு யாருக்கும் புரியவில்லை.