யார் வீட்டுக்கு என்று கேட்காத வலைத்தளம்

ஜெர்மனிக்கு வந்த முதல் சனிக்கிழமை காலையில், என் அறை ஜன்னலுக்குக் கீழே தெருவில் போகிற வருகிற எல்லோர் கையிலும் பிரட் இருந்தது. பெரியவர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் சைக்கிளின் முன்கூடையில் வைத்து ஓட்டிக்கொண்டு போனாள். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது என்று முடிவு செய்தேன். திருப்பூரில் பிறந்தவன் வேறு என்ன நினைப்பான்? உடம்புக்கு முடியாதவர்களைப் பார்க்கப் போகும்போது வாங்குவதுதான் பிரட். நன்றாக இருக்கிற மனிதன் காலங்காத்தாலே பிரட் வாங்கினால், அங்கே எங்கள் நல்லூர்ப் பகுதியில் நாலு பேர் வண்டியை நிறுத்தி யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்கள்.

நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே ஒரு ‘பெக்கரை’ இருந்தது. பேக்கரியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கடையிலிருந்த அம்மாளிடம், புதிதாகக் கற்ற ஜெர்மனில், ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் கல்லாவை விட்டு வெளியே வந்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்வதற்கான வாக்கியம் என் பாடப்புத்தகத்தில் இன்னும் வந்திருக்கவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிடப் போனவரைத் தடுப்பதற்காக ஒரு பிரட் வாங்கினேன். முழுசாகவா, வெட்டியா என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி அதுதான்.

நான் ஜெர்மனிக்கு வந்ததே வலைத்தளம் செய்கிற வேலைக்குத்தான். அதற்கு முன் திருப்பூரில் அதே வேலையை வேறு விதமாகச் செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் பனியன் கம்பெனி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வெப்சைட் தேவைப்பட்டது. எதற்கு என்று கேட்டால், பக்கத்துக் கம்பெனிக்காரர் வைத்திருக்கிறார் என்பார்கள். உலக உருண்டை ஒன்று சுற்ற வேண்டும். அதன்மேல் கம்பெனி பெயர் ஓட வேண்டும். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற எண் மூலையில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த எண்ணை ஏற்றியதில் பெரும்பங்கு முதலாளிகளுடையது. இப்படிப் பல உருண்டைகளைச் சுற்றவிட்ட என்னை ஜெர்மன்காரர்கள் வேலைக்கு எடுத்து, முதல் காரியமாக உருண்டைகளை மறக்கச் சொன்னார்கள். பயனருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே வேதம். வாங்க வருகிறவனிடம் எவ்வளவு குறைவாகக் கேட்கிறோமோ அவ்வளவு நல்லது என்பார் எங்கள் மேலாளர் அம்மா. எதற்காக வாங்குகிறாய் என்று கேட்பது அடுத்தவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது மாதிரி என்றும் சொல்வார்.

இந்த வேதம் முற்றியிருந்த சமயத்தில் நல்லூரிலிருந்து துரைசாமி அண்ணன் கூப்பிட்டார். எங்கள் தெருமுனையில் பேக்கரி வைத்திருப்பவர். அப்பா தினமும் டீ குடிக்கிற கடை. வெளிநாட்டுக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கிருந்தே ஆர்டர் போட்டு, ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். பனியனே கடல் தாண்டிப் போகும்போது பன்னுக்கு என்ன என்பது அவர் வாதம். நான் உற்சாகமாக உட்கார்ந்தேன். படங்கள், பெட்டிகள், பெரிய பொத்தான். கேக்கைத் தொடு, முகவரி எழுது, முடிந்தது. என் தொழிலில் அதுவரை நான் செய்ததிலேயே சுத்தமான வேலை.

அண்ணன் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் முதல் கேள்வியைக் காணோமே என்றார். அவர் கடையில் யார் வந்தாலும் முதலில் அவர் கேட்பது, “யாரு ஊட்டுக்குங்க?” என்பதுதான். பதிலைக் கேட்ட பிறகுதான் கை அலமாரிக்குப் போகும். பெண் பார்க்கப் போகிற வீட்டுக்குக் கேக்கும் ஸ்வீட்டும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு ரஸ்க். உடம்புக்கு முடியாத வீட்டுக்குப் பால் பிரட். இழவு விழுந்த வீட்டுக்குப் பன், அதுவும் தட்டுக் கணக்கில். துக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு டீயோடு கொடுக்க. ஆள் மாறினாலும் இந்த முறை மாறாது. இழவு வீட்டுக்குக் கேக் கேட்ட வெளியூர்க்காரர் ஒருவரை அவர் உட்காரவைத்துப் பேசி, பன்னோடு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கேள்வி கூடாது என்று ஒரு வாரம் போனில் விளக்கினேன். பயனரின் அந்தரங்கம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“கேக்காம எப்படிங்க தம்பி குடுக்கறது?” என்றார் கடைசியில். பிறகு, நீங்கள் படித்தவர்கள், உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்று விட்டுக்கொடுத்தார்.

அவர் விட்டுக்கொடுத்த விதம் இப்படி இருந்தது: இணையத்தில் ஆர்டர் வந்ததும், போட்டவருக்கு வெளிநாட்டுக்கே போன் செய்து யார் வீட்டுக்கு, என்ன விசேஷம் என்று விசாரித்தார். சிங்கப்பூரிலிருந்த என் பள்ளித் தோழன் சித்தி வீட்டுக்கு ஒரு கேக் அனுப்பப் போய், சித்தி மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதா என்பதற்குக் கால் மணி நேரம் பதில் சொன்னான். பொத்தானை இன்னும் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

புதுப்பித்த பக்கத்தைச் சோதிக்க உண்மையான ஆர்டர் ஒன்று வேண்டியிருந்தது. அப்பா அம்மாவின் கல்யாண நாள் வந்தது. இருவரும் வாழ்நாளில் கேக் வெட்டியவர்கள் இல்லை. இருந்தாலும் வெள்ளை க்ரீம் கேக் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். திரையில் ‘நன்றி’ என்று வந்தது. அண்ணனின் போனுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எங்கள் தளம் கடைசியில் வேலை செய்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். ஒரு மனிதன் எந்தக் கேள்விக்கும் ஆளாகாமல் ஒரு கேக் வாங்கியிருக்கிறான். மேலாளர் அம்மாவிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமையை அண்ணனிடமும் சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டேன்.

“கேக்கு அனுப்பலீங்க தம்பி,” என்றார். “இப்ப அங்க கேக்கு வேண்டாங்க.”

ஏன் என்றேன். முட்டை விவகாரமா, அமாவாசையா என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“எதுவுங் கேக்காதீங்க. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கறனுங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அப்பா போனில் கிடைக்கவில்லை. தேங்காய் லோடு விஷயமாக உடுமலை போயிருக்கிறார் என்றாள் அம்மா. அடுத்த வாரம் காங்கேயத்தில் மாடு பார்க்கப் போயிருக்கிறார் என்றாள். எங்களுக்குத் தோப்பும் கிடையாது, மாடும் கிடையாது. அப்பா நாலு தையல் மெஷினை விட்டு நல்லூர் எல்லையைத் தாண்டாத மனிதர். போன முறை அம்மா பேசும்போது பின்னால் யாரோ ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரேஷன் கடையில் நிற்பதாகச் சொன்னாள். நானும் நம்பினேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது, வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான் என்பது நம் வீடுகளில் சட்டம். இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டிலும் அமலில் இருக்கும்.

வாக்குக் கொடுத்த மனிதரிடம் என்னவென்று கேட்க முடியாது. நான் ஒரு வாரம் கூடாது என்று வாதாடிய கேள்வியையே திருப்பி அவரிடம் கேட்டேன்.

“அண்ணா, எங்க ஊட்டுக்குன்னா இப்ப என்னங்க குடுப்பீங்க?”

கடைச் சத்தம் கேட்டது. யாரோ ரெண்டு பப்ஸ் என்றார்கள்.

“பிரட்டுங்க,” என்றார்.

“பன்னு இல்லீங்களே?”

“இல்லீங்க சாமி. பிரட்டுத்தானுங்க. நாந்தான் தெனமும் குடுத்தனுப்பறேன்.”

அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பயமும் இருந்தது, அதைவிடப் பெரிதாக நிம்மதி இருந்தது. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டேன். துரைசாமி சொல்லிவிட்டாராக்கும் என்று கோபப்பட்டாள். அவர் ஒன்றுமே சொல்லவில்லை, பிரட் என்றுதான் சொன்னார் என்றேன். அதற்குமேல் அம்மாவால் மறைக்க முடியவில்லை. கோயம்புத்தூரில், இதயத்தில் ஆபரேஷன். முடிந்துவிட்டது, கஞ்சி குடிக்கிறார் என்றாள்.

விமானத்துக்குப் போவதற்கு முன் தளத்தின் முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை ஏற்றினேன்: யார் வீட்டுக்கு? என்ன காரியம்? மேலாளர் அம்மா எட்டிப் பார்த்து, இது தவறான வடிவமைப்பு என்றார். ஆமாம் என்றேன்.

கீழே பெக்கரைக்குப் போனேன். முழுசாகவா, வெட்டியா என்று கேட்டார் கடைக்கார அம்மாள். என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவர் கேட்காததற்கு நான் பதில் சொன்னேன். அதற்கும் பிரட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. வருத்தமான முகத்தோடு, மெல்லிய துண்டுகளாக வெட்டிக் கட்டிக் கொடுத்தார்.

கோயம்புத்தூரில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் வாட்ச்மேன், கூட இருந்து கவனிக்கிற அட்டெண்டரா, பார்த்துவிட்டுப் போகிற விசிட்டரா என்று கேட்டார். மகன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

“பிரட்டுக் கொண்டாந்திருக்கறீங்க. அப்ப விசிட்டருங்க,” என்றார் மரியாதையாக. “ஊட்டு ஆளுக தூக்குப்போசில சோறு கொண்டாருவாங்க. நீங்க அஞ்சு மணிக்கு மேல வாங்க.”

அப்பாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சண்டை போட வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்ன முறை சரிதான் என்று எனக்கே தெரியும். வேப்பமரத்தடியில் ஒரு நீள பெஞ்சு இருந்தது. அதில் பிரட் பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள், என் கையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.