மூழ்க வேண்டிய கற்பூரம்

லண்டன் கிங்ஸ்பரியில் நான் வேலை செய்யும் பாமசிக்கு வருகிறவர்கள் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்வார்கள். வெள்ளைக் கோட்டுக்கு அந்தச் சக்தி உண்டு. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினால் அதுவும் கழன்றுவிடும். என் மாமனாருக்கு இருமல் வந்தால், பகல் முழுவதும் ஊருக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்து நிற்கிற மருமகனைச் சுற்றிக்கொண்டு போய், சாமித் தட்டிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலை எடுப்பார். மூடியைத் திறந்து ஆழமாக ஒரு இழுப்பு. பிறகு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

மாமா மலேசியாக்காரர். படிக்க வந்து, கணக்காளராக வேலை பார்த்து, ஓய்வுபெற்று, இப்போது மாமியோடு எங்கள் வீட்டின் கீழறையில் இருக்கிறார். நான் யாழ்ப்பாணத்தான். நாங்கள் இருவரும் பேசுவது ஒரே மொழிதான் என்று என் மனைவி இரண்டு பக்கத்துக்கும் உறுதி கொடுத்த பிறகே கல்யாணம் நடந்தது.

போத்தலுக்குள் வெள்ளைப் பளிங்குத் துண்டுகள், அவற்றோடு ஒரு பிடி மிளகு. கற்பூரம் காற்றோடு போய்விடாமலிருக்க மிளகு போட்டு வைப்பது நம் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். மிளகு அதை எப்படிப் பிடித்து வைக்கிறது என்று நான் படித்த இரசாயனம் சொல்லித்தரவில்லை. கேட்டால் மிளகும் சொல்லாது.

மாமாவின் கதைப்படி அது கடைக் கற்பூரம் அல்ல. அவருடைய அப்பா காட்டில் மரவெட்டு கேம்பில் வேலை செய்தவர். கப்பூர் என்று ஒரு மரம். இரண்டு தென்னையை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டாத உயரம். உச்சியில் பக்கத்து மரத்தின் கிளையைத் தொடாமல் இடைவெளி விட்டு வளருமாம், லண்டன் ரயிலில் உட்காருகிறவர்கள் மாதிரி. அப்படி ஒன்றை வெட்டிப் பிளந்தபோது, நடுமரத்து வைரத்தின் வெடிப்புக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்ததை அவர் அப்பா தன் நகத்தால் சுரண்டி எடுத்தாராம். எல்லா மரத்திலும் இருக்காது. இருக்கிற மரத்தையும் வெளியில் பார்த்து அறிய ஏலாது. மாமா சிறுவனாக இருக்கும்போதே அந்த அப்பா போய்விட்டார். மிஞ்சியது இந்தப் போத்தலும் இந்தக் கதையும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் சும்மா இருந்தேனா? "மாமா, இது வெம்பிளியில விக்கிற சூடம்" என்று மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவேன். அவரும் விடமாட்டார். "மாப்பிள்ளைக்கு லேபிள் ஒட்டியிருந்தாத்தான் மருந்து லா."

இந்த வருடப் பொங்கலன்று காலையில் மாமா போத்தலோடு குசினிக்குள் வந்தார். சர்க்கரைப் பொங்கலில் ஒரு அரிசி அளவு போடப் போவதாகச் சொன்னார். பச்சைக் கற்பூரம் போடாத பொங்கல் பொங்கலே இல்லையாம். எங்கள் பக்கத்தில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனாலும் என்னைப் பதற வைத்தது பழக்கம் அல்ல. கிண்ணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த என் மூன்று வயது மகள். சூடம் வயிற்றுக்குள் போனால் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம். அதை எத்தனையோ தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே கோட்டு இல்லாமலேயே மருந்தாளராக மாறினேன்.

மாறியதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரசாயனம் பேச வீட்டில் யாரும் எனக்கு இடம் தருவதில்லை; கிடைத்த இடத்தில் கடை விரித்தேன். கடைச் சூடமும் கப்பூர் மரத்துச் சரக்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான் என்றேன். இரண்டிலும் பத்துக் கார்பன். கப்பூர் மரத்துச் சரக்கில் மட்டும் இரண்டு ஹைட்ரஜன் கூட. அந்த இரண்டால் அதன் குணம், மணம், பெயர் எல்லாம் வேறு. அதைப் போர்னியோல் என்பார்கள். வாய்ப்புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் வலிக்கும் சீன வைத்தியத்திலும் நம் சித்த வைத்தியத்திலும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். மற்ற மருந்துகளை மூளைக்குள் கூட்டிக்கொண்டு போகுமா என்று இன்றைக்கும் ஆராய்கிறார்கள். கடைச் சூடமோ பெரும்பாலும் பைன் மரத்துத் தைலத்திலிருந்து தொழிற்சாலையில் பிறந்து வருவது.

"கண்டுபிடிக்கிறது சுகம் மாமா" என்றேன், கையை ஆட்டிக்கொண்டு. "ஒரு கிளாஸ் தண்ணி போதும். சூடம் மிதந்து ஆடும். மரத்துச் சரக்கு தண்ணியை விடப் பாரம். தாழ்ந்து போகும்."

மாமா போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப போட்டுப் பாத்துருவோம்" என்றார். சிரிக்கவில்லை.

மனைவி என்னைக் கூடத்துக்கு இழுத்துப் போனாள். "மிதந்துச்சுன்னா என்ன செய்வீங்க? தாத்தாவோட போட்டோகூட அப்பாகிட்ட இல்ல. தாத்தா சொன்னது பொய்னு ஒங்க கிளாஸ் தண்ணி சொல்லணுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை காலமும் சூடம், சூடம் என்று நான் கிண்டலடித்தது ஒரு மனிதனின் தகப்பனை. என் மூளை உடனே களவுக்கு இறங்கியது. தண்ணீரில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்தால் நீரின் பாரம் குறையும், எந்தச் சூடமும் தாழ்ந்து போகும். ஆனால் குசினி முழுக்க ஆஸ்பத்திரி மணம் அடிக்கும். தவிர, மாமா கணக்காளர். நாற்பது வருடம் பொய்க் கணக்கைக் கண்ணால் பார்த்தே பிடித்தவர். வேறு வழியில்லாமல், எண்ணெய்ப் பசை இல்லாத கிளாஸ் ஒன்றைக் கழுவி எடுத்தேன். பசை இருந்தால் சூடம் ஆடாது. அந்த ஒரு நேர்மையையாவது காப்பாற்றுவோம் என்று.

மாமாவே ஒரு துண்டைப் போட்டார்.

அது மிதந்தது. மிதந்ததோடு நிற்காமல் சுழன்றது, ஓடியது, கிளாஸின் விளிம்பில் முட்டித் திரும்பியது. சூடம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கரைவதில்லை. கரைகிற பக்கத்தில் தண்ணீரின் இழுவிசை தளர, மற்றப் பக்கம் அதை இழுக்கும். வகுப்பில் செய்து காட்டினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். என் மகளும் தட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை.

"இன்னொண்ணு" என்றார் மாமா.

அதுவும் ஆடியது. பழைய சரக்கு, காலப்போக்கில் மாறியிருக்கலாம் என்று ஏதோ உளறினேன். மாமா போத்தலை ஒரு தட்டில் கவிழ்த்தார். மிளகெல்லாம் உருண்டோட, அடியில் ஒட்டிக்கிடந்த சில துணுக்குகள் கடைசியாக விழுந்தன. மற்றவை போல் பால்வெள்ளை அல்ல. லேசாக மஞ்சள் பாரித்து, உடைந்த கண்ணாடி மாதிரி. மூக்கருகே பிடித்தேன். சூடத்தின் குத்தல் இல்லை. மிளகும் மண்ணும் ஈர மரமும் கலந்த, அமைதியான ஒரு மணம்.

அதில் ஒன்றைத் தண்ணீரில் வைத்தேன். மேலே நின்றது, ஆனால் ஆடவில்லை. சின்னத் துணுக்கைத் தண்ணீரின் தோல் தாங்கிப் பிடிப்பதுண்டு. கரண்டிக் காம்பால் மெல்ல அமுக்கினேன். மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

துணுக்கு கீழே போனது. கல் மாதிரி விழவில்லை. யோசித்து யோசித்து இறங்கி, அடியில் போய்ப் படுத்தது. கரண்டியால் கிண்டினேன். எழும்பவில்லை.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "தாழ்ந்திட்டுது மாமா, தாழ்ந்திட்டுது" என்று அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்ததாக மனைவி சொல்கிறாள். அடுத்ததும் தாழ்ந்தது. அதற்கடுத்ததும்.

"அப்ப மேல இருந்தது என்னா?" என்றார் மாமா, என் பிடியிலிருந்து விடுபட்டு.

மாமி கையைச் சேலையில் துடைத்தார். "கொறையுறப்பல்லாம் நான்தான் சூடத்த ஒடச்சுப் போட்டேன். மிளகு போட்டும் அது நிக்கல. காலியாப் போச்சுன்னா ஒங்களால தாங்க முடியுமா?"

"எப்பலேர்ந்து?"

"லண்டன் வந்ததிலேர்ந்துதான்."

மாமா அவர் பக்கம் திரும்பினார். "அப்ப எனக்கு இத்தன வருஷமா இருமல் நின்னது ஒன் சூடத்துலயா?" என்றார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பொங்கலில் ஏலக்காய் மட்டும் போட்டோம். தாழ்ந்த சரக்கையும் பிள்ளை வயிற்றுக்கு நான் அனுமதிக்கவில்லை. அதுவும் வீரியம் உள்ள பொருள்தான். இந்தமுறை மாமா மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார். முழுப் போத்தலையும் தண்ணீரில் போட்டுப் பிரித்தோம். ஆடியதெல்லாம் சாமித் தட்டுக்குப் போனது. தாழ்ந்தது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதைத் துணியில் பரப்பிய பிறகுதான் அடுத்த சிக்கல்: சூட்டில் வைத்தால் காய்வதற்கு முன் காற்றாகிவிடும். ஆகவே தை மாதக் குளிரில் நான் ஹீட்டிங்கை நிறுத்தினேன். குடும்பமே கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு குசினியில் நின்று, புகை பறக்கும் பொங்கலைச் சாப்பிட்டது.

மாமா துணிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். பொங்கல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஈப்போவிலிருக்கும் தமையனுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணே, அப்பா சொன்னது நெசந்தான். தண்ணியில போட்டுப் பாத்தோம்."

அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது. "யாருடா பொய்யின்னு சொன்னது?"

மாமா கம்பளித் தொப்பிக்குக் கீழே இருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இங்க ஒரு மருந்துக் கடைக்காரன்" என்றார். "பரவால்ல, இப்பத் திருந்திட்டான்."