மிதிபட்ட கொழுந்து

ஜீவராணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். றொசல்லைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் பொறுப்பை அவளுக்குத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண்ணுக்கு அந்த மேசை கிடைத்ததே பெரிய காரியம். "இனி ஒருதடவ கொழுந்து செவந்து வந்துச்சுன்னா நீ மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கத்தான்" என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு சொல்லிவிட்டார்.

சாக்கில் கொழுந்தைக் கொட்டிக் காலால் மிதித்து அடைப்பது அங்கே பழகிப்போன வேலை. அவள் கண்ணில் பட்டால் தொலைந்தது.

"அக்கா, மிதிக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"சாக்கு பத்தல புள்ள. வேற எதுல கட்டுறது?" என்பாள் கொழுந்தெடுக்கும் அம்மாக்கண்ணு.

ஜீவராணி உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். இலையின் ஒவ்வொரு உயிர்க்கலத்துக்குள்ளும் தனித்தனி அறைகள் உண்டு. கசப்புச் சாறு ஓர் அறையில், அதைச் சிவக்க வைக்கும் நொதியம் வேறோர் அறையில். கலம் தனக்கு வேண்டியதைப் பொட்டலம் கட்டி, நூல் போன்ற பாதைகளில் நடக்கும் புரதங்களின் முதுகில் ஏற்றி, சேர வேண்டிய இடத்தில் இறக்கிவிடும். மிதித்தால் சுவர்கள் உடைந்து எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்; கொழுந்து சிவந்து கெட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத கலத்துக்கு இருக்கிற ஒழுங்கு, ஒரே லொறியோடு மாரடிக்கும் இந்தத் தோட்டத்துக்கு இல்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடுதல் சாக்கு கேட்டால் கண்டாக்கு "பாப்போம்" என்பார். அதோடு சரி.

அன்று விடாத மழை. எடுத்த கொழுந்தையெல்லாம் மடுவத்துத் தரையில் மெல்லிசாகப் பரப்பிக் காத்திருந்தாள். லொறி பொழுது சாயும் நேரத்தில்தான் வந்தது.

"ரோட்டுல மண்ணு சரியுது. இந்த ஒரு நடைதான்" என்றான் சாரதி சுமன்.

சாக்குகளைத் தளர்வாகக் கட்டினால் பாதிக் கொழுந்துகூட ஏறாது. பெக்டரிக்குப் போகாத கொழுந்து கணக்கில் வராது; நாள் முழுக்க நனைந்தவர்களுக்கு அரைநாள் பேர்தான் விழும், பாதிச் சம்பளம்தான் கிடைக்கும். பெண்களில் ஒருத்தியும் சாக்குக்குள் காலை வைக்கவில்லை.

"வேணாம் புள்ள, ஒன் வேல போயிரும்" என்றாள் அம்மாக்கண்ணு.

ஜீவராணி செருப்பை உதறிவிட்டுச் சாக்குக்குள் இறங்கினாள்.

"பாழாப் போகட்டும்! எல்லாம் பாழாப் போகட்டும்!"

கத்திக்கொண்டே மிதித்தாள். கண்ணீர் வழிந்தது. காலுக்குக் கீழே என்னென்ன உடைகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் கொடுமை. பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். லொறி நிறைந்தது. எல்லோருக்கும் முழுப்பேர் விழுந்தது.

மறுநாள் காலை, பேர் வாசித்து வேலை பிரிக்கும் பெரட்டில், கொழுந்தெடுப்பவர்களோடு அவள் பெயரும் வாசிக்கப்பட்டது.

"படிச்ச பொண்ணு, கொழுந்து ஏன் செவக்குதுன்னுகூடத் தெரியல" என்றார் கண்டாக்கு.

"சாக்கு கேட்டேனே ஐயா, அது எங்க?"

கண்டாக்கு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.