நகத்தால் சுரண்டிய புள்ளி

போன வாரம் மளிகைக் கடையில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் மார்ஷ்மெல்லோ பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையும் ரோஸுமாகக் குட்டித் தலையணைகள். என் கை தானாகப் போய் அதைத் திருப்பி, மூலையில் இருக்கும் புள்ளியைத் தேடியது. பச்சை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். வாங்கப் போவதும் இல்லை, தின்னப் போவதும் இல்லை, ஆனாலும் பார்க்காமல் வர முடியாது. ஏன் என்று வீட்டில்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் போலிருக்கிறது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் சில வருஷங்களுக்கு முன்னால் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டியது செகண்ட்ஸ் என்று மலிவு விலைக்குப் போகும். என் படிப்பு அஞ்சாவதோடு சரி. இங்கிலீஷில் எஸ், எம், எல், எக்ஸெல் என்று சைஸ் மட்டும் தெரியும். அதை வைத்தே எல்லாம் தெரிந்தவன்போல ஓட்டிக்கொண்டிருந்தேன். கூச்சக்காரனுக்கு அது ஒரு வசதி. பேசாமல் இருந்தால் விவரமான ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் துணி பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் மேஜையில் இதேபோல ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். தோளில் வைத்துத் தைக்கும் ஸ்பாஞ்சு சாம்பிள் என்று நினைத்து, ஒன்றை எடுத்து டேப் வைத்து அளந்தேன். ஓவர்லாக் மிஷினில் இருந்த ஸ்டெல்லா அக்கா அதைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"எய்யா, இது முட்டாயில்லா! ஸ்பாஞ்சுன்னு அளக்கதப் பாரு!"

தையல் லைனே சிரித்தது. அக்காவுக்குச் சாத்தான்குளம் பக்கம். அவர் பேச்சைக் கேட்கவே எங்களுக்கு ஆசையாக இருக்கும்.

ஆளுக்கு ஒன்று தின்றோம். அக்காவுக்குப் பக்கத்து மிஷின் ருக்மணி மட்டும் வாங்கவில்லை. "எனக்கு வேண்டாமுங்க அக்கா. உள்ள என்ன போட்டிருக்காங்களோ." அவள் மகளுக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. பிள்ளை வாயால் அம்மா என்று கேட்கும்வரை முட்டை, கறி தொடுவதில்லை என்று முருகனுக்கு வேண்டியிருந்தாள்.

"அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப்போடுத? முட்டை இல்லாம, கடல்பாசி போட்டு நானே செஞ்சு தாரேன். உனக்கும் பிள்ளைக்கும்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே காம்பவுண்டில் லைன் வீடு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சீட்டில் கடல்பாசியின் இங்கிலீஷ் பேரை எழுதிக் கொடுத்து என்னைக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் படித்துவிட்டு, "அது இல்லீங்க, இது அதவிட நல்லாக் கட்டியாகும்" என்று ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். என்னவென்று கேட்கக் கூச்சம். வழியில் பார்த்தால் பெட்டி மூலையில் செந்நிறமாக ஒரு புள்ளி. எனக்குத் தெரிந்த சிவப்புப் புள்ளி ஒன்றுதானே? அடப்பாவி, செகண்ட்ஸைத் தலையில் கட்டிவிட்டானே என்று நினைத்தேன். ஏமாந்து வந்தவன் என்று அக்கா சிரிப்பாரே. எச்சில் தொட்டு, நகத்தால் அந்தப் புள்ளியைச் சுரண்டி எடுத்தேன்.

அக்கா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "பேரு வேறயால்லா இருக்கு?"

"கம்பெனி வேறைங்க அக்கா. படிச்சுப் பாத்துத்தான் வாங்குனேன்."

"சிவப்புப் புள்ளி இருந்துதா, பாத்தியா? பச்சைன்னா சைவம், சிவப்புன்னா கவுச்சி. ருக்குவுக்கு நாமதான பாக்கணும்."

என் கட்டைவிரல் நகத்துக்குள் அந்தச் சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது. விரலை மடக்கிக்கொண்டேன்.

"ஒன்னும் இல்லீங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பொடியைத் தண்ணீரில் ஊறப்போட்டார். நனைந்த தோல்போல ஒரு வாடை வந்தது. "கடல்பாசிக்கு இந்த வாடை கிடையாதே" என்று முகம் சுளித்தவர், நான் வாங்கி வந்ததாயிற்றே என்று எசென்ஸை இரண்டு சொட்டுக் கூடுதலாக விட்டார். சர்க்கரைப் பாகைக் கம்பிப் பதத்தில் ஊற்றி, மத்தால் மாற்றி மாற்றிக் கடைந்தோம். கலங்கலாக இருந்தது நுரைத்து, வெளுத்து, பஞ்சுபோலப் பொங்கியது. எனக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் படிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. மாவு தூவிய தட்டில் பரப்பி, இறுகியதும் நான்தான் லேபிள் அளவுக்குச் சதுரம் சதுரமாக வெட்டினேன்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் ருக்மணி இரண்டு தின்றாள். "பூவாட்டம் இருக்குதுங்க அக்கா" என்று மகளுக்கு நாலு எடுத்து டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டாள். செய்முறை கேட்ட பேக்கிங் பெண்ணிடம், மிச்சப் பொடி இருந்த பெட்டியை அக்கா நீட்டினார்.

அந்தப் பெண் படித்துவிட்டு, "ஐயோ அக்கா, இது ஜெலட்டினுங்க. மாட்டெலும்பு, தோலு இதுல எடுக்கறது" என்றாள்.

ருக்மணி குழாயடிக்கு ஓடினாள். அவள் வாந்தி எடுக்கும் சத்தம் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. யாரோ பெட்டியைப் பிடுங்கிப் பார்த்தார்கள்.

"புள்ளியச் சொரண்டி வெச்சிருக்குது பாருங்க! வேணும்னே பண்ணியிருக்கறா. அவிங்களுக்கென்ன, எல்லாந் திங்கறவிங்க."

ஸ்டெல்லா அக்கா பெட்டியின் மூலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து, ஒரு குறையும் இல்லாத பனியனில் சிவப்பு ஸ்டிக்கரை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் ஒழுங்காப் பாக்கல, ருக்கு. தப்பு எம்மேலதான்" என்றார் அக்கா.

ருக்மணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம்பட புள்ளைக்காக வெரதம் இருந்தேனுங்க அக்கா" என்றாள். அதற்குமேல் அவரிடம் அவள் பேசவில்லை.

அடுத்த மாதமே அக்கா வீட்டைக் காலி செய்தார். மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக் கொடுத்தேன். "படிக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்லா தம்பி? நான் சிரிச்சிருக்கவா போறேன்?" என்றார். முட்டாயை ஸ்பாஞ்சு என்று அளந்ததற்குச் சிரித்தவர்தான். ஆனால் அது வேறு சிரிப்பு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்டோ போய்விட்டது.

அந்த லைனில் ஒரு வழக்கம் இருந்தது. டீ நேரத்தில் கழிவுத் துணியைத் தட்டாக விரித்து, ஒருவர் வீட்டு முறுக்கும் இன்னொருவர் வீட்டு அதிரசமும் கடைசி மிஷின் வரைக்கும் போய்வரும். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு யாரும் யாருக்கும் வீட்டுப் பண்டம் நீட்டவில்லை. அவரவர் டிபனை அவரவர் மூடிக்குள் மறைத்துத் தின்றோம். கம்பெனியும் இப்போது இல்லை, குடோனாகிவிட்டது.

ருக்மணி விரதத்தை மறுபடி முதலில் இருந்து பிடித்தாள். மகளுக்குப் பேச்சு வந்துவிட்டது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "வாயே மூடறதில்லீங்கண்ணா" என்று சிரித்தாள். பிறகு அவளாகவே கேட்டாள்.

"அந்த ஸ்டெல்லா அக்கா மட்டும் ஏனுங்கண்ணா அப்படிப் பண்ணுனாங்க? நல்லவங்கன்னுதானே நெனச்சோம்?"

"ஆமாங்க" என்றேன்.