ஜொஹறா தேடிக் கொடுத்த வீடுகள்

நெடுங்கேணியைத் தாண்டி முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், சில முஸ்லிம் குடும்பங்கள் வயலும் சில்லறை வியாபாரமுமாக இருந்த ஒரு சந்தி உண்டு. பள்ளிவாசல் அந்தச் சந்தியைப் பார்த்தபடி இருந்தது. வழிப்போக்கர் தங்குவதற்காக வளவுக்குள் ஒரு மண் அறை கட்டியிருந்தார்கள்; மடம் என்று அதைச் சொல்வார்கள். மாட்டு வியாபாரியோ, கூலி தேடி நடப்பவனோ, யார் வந்தாலும் என்ன சமயமென்று கேட்பதில்லை. மூன்று இரவு படுக்கப் பாயும் குடிக்கக் கஞ்சியும் கிடைக்கும். ஆனால் ஆண்களுக்கு மட்டும்தான். பெண்ணொருத்தியும் வீடில்லாமல் வரக்கூடும் என்று அந்த அறையைக் கட்டியவர்கள் நினைத்திருக்கவில்லை.

மோதினார் பாறூக்கும் மனைவி ஜொஹறாவும் அதே வளவின் பின்புறத்தில் குடியிருந்தார்கள். பாங்கு சொல்வதும் பள்ளியைத் துப்புரவாக வைத்திருப்பதும் பாறூக்கின் பொறுப்பு. கஞ்சி ஜொஹறாவின் பொறுப்பு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் குளங்கள் உடைத்தபோது, சுற்றுப்புறத்துச் சனமெல்லாம் மேட்டில் இருந்த பள்ளிவாசலுக்குத்தான் ஓடி வந்தது. தண்ணீர் வடிந்ததும் குடும்பங்கள் திரும்பிப் போய்க் குடிசைகளை நிமிர்த்தின. போக இடமில்லாத சில பெண்கள் மட்டும் பிள்ளைகள் ஓதும் கொட்டிலில் மிஞ்சினார்கள். புருஷன் இல்லாதவர்கள், புருஷன் இருந்தும் இல்லாதவர்கள். அவர்களை வீதியில் இறக்கிவிட ஜொஹறாவுக்கு மனம் வரவில்லை. தன் குசினிக்குப் பக்கத்தில் தென்னோலைக் கிடுகால் ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கித் தரும்படி பாறூக்கிடம் கேட்டாள். பாறூக் ஊர்ப் பெரியவரான நஜீம் ஹாஜியாரிடம் கேட்டார்.

ஹாஜியார் வந்து பார்த்தார். மறுக்கவில்லை.

"செய்யுங்கோ தங்கச்சி. ஆனா இது முஸாபிர்களுக்குரிய இடம். தங்கிப் போறவைக்கு. குடியிருக்கிறவைக்கு இல்லை. அதை மட்டும் மறக்காதேங்கோ."

ஜொஹறா மறக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்து அந்தப் பெண்களுக்குச் சமைத்துப் போட்டாள். அதோடு நிற்காமல் ஒவ்வொருத்திக்கும் போக ஒரு இடம் தேடினாள். ஒருத்தியின் தூரத்து உறவைப் புத்தளத்தில் கண்டுபிடித்து அனுப்பிவைத்தாள். இன்னொருத்தியை ஓமந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிட்டாள். மனைவியை இழந்த ஒரு வண்டிக்காரருக்கு மூன்றாமவளைக் கட்டிவைத்தாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அப்படியே. ஜொஹறா ராத்தாவின் கையில் விட்டால் எவளுக்கும் வீடு கிடைக்கும் என்று ஊர் சொல்லத் தொடங்கியது. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் முக்காட்டைச் சரிசெய்துகொள்வாள். உள்ளுக்குள் அது அவளுக்குப் பிடித்திருந்தது.

காத்தாயி வந்தது சில வருஷங்கள் கழித்து, ஒரு கோடையில். பஸ் கொண்டக்டர் அன்ஸார்தான் அவளைச் சந்தியில் இறக்கி, பள்ளிவாசலைக் கைகாட்டி விட்டுப் போனான். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு அலுமினியச் சட்டியும், மலைநாட்டில் கொழுந்து பறிப்பவர்கள் முதுகில் மாட்டும் கூடையும். தேயிலையே இல்லாத ஊரில் அந்தக் கூடையைக் கண்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கதையை ஜொஹறா மெல்ல மெல்லத்தான் அறிந்தாள். தேயிலைத் தோட்டத்தில் வேலை போனதும் புருஷனும் அவளும் காடு வெட்டும் கூலிகளோடு வன்னிக்கு வந்தார்கள். காடு வெட்டி முடிந்து காணி பிரித்தபோது, பிரஜை என்று காட்ட ஒன்றுமில்லாத அவர்களுக்குக் காணி இல்லை. அதற்குள் புருஷனும் பாம்பு தீண்டிச் செத்துப்போனான். வேலை முடிந்ததும் கூலிகள் இருந்த வாடியைப் பிரித்துக் கிடுகையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"வாடிய பிரிக்கிறப்போ நான் உள்ளாறதாம்மா இருந்தேன்" என்றாள் காத்தாயி.

மூன்று இரவுகள் போயின. மூன்று மாதங்களும் போயின. காத்தாயி விறகு பொறுக்கினாள், கிணற்றடியில் பயற்றங்கொடி படரவிட்டாள். குசினிக்குள் வந்து தடித்த ரொட்டி சுட்டாள். பாறூக் அதை விரும்பிச் சாப்பிட்டார். காலையில் முந்தானை முடிச்சிலிருந்து திருநீறு எடுத்து, யாரும் காணாதபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் பூசிக்கொள்வாள். ஜொஹறா கண்டும் காணாததுபோல் இருந்தாள். பின்னேரங்களில் இருவரும் அடுப்படியில் இருந்து அரிசியில் கல் பொறுக்குவார்கள். காத்தாயி மலையில் பனி இறங்குவதைச் சொல்லுவாள். ஜொஹறா, பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோன தன் மகளைப் பற்றிச் சொன்னாள். பாறூக்கைத் தவிர வேறு யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை.

ஒரு ஜும்ஆத் தொழுகை முடிந்து போகையில் நஜீம் ஹாஜியார் கிணற்றடியில் நின்ற காத்தாயியைக் கண்டார்.

"அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு இடம் சரிவரேல்லையோ, தங்கச்சி?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் ஜொஹறாவுக்குச் சுருக்கென்றது. எல்லோருக்கும் வீடு தேடிக் கொடுத்தவளுக்கு இவள் விஷயத்தில் மட்டும் முடியவில்லை என்று ஊர் நினைக்கிறதோ என்று பட்டது. அடுத்த கிழமையே வவுனியாவில் விசாரித்தாள். அரிசி ஆலை வைத்திருந்த அப்புத்துரை வீட்டில் உதவிக்கு ஆள் தேவையாம். கல் வீடு, சம்பளம், மூன்று நேரச் சாப்பாடு. சைவக் குடும்பம். தன் சமயத்து ஆட்களோடு இருந்தால் திருநீறு பூசச் சுவரைப் பார்க்கத் தேவையில்லை என்று ஜொஹறா மனதாரச் சந்தோஷப்பட்டாள்.

காத்தாயி கேட்டுக்கொண்டிருந்தாள். சுளகில் இருந்த அரிசியைக் கையால் அளைந்தாள்.

"நீங்க சொன்னா போறேம்மா."

"நல்ல இடம் பிள்ளை. வடிவான வீடு."

"அங்க சரியா வரலேன்னா, இங்க திரும்பி வரலாமாம்மா?"

ஜொஹறா சிரித்தாள். அவளுக்குத் தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தாள்.

"வீடு கிடைச்ச பிறகு உமக்கு மடத்தில என்ன வேலை?"

காத்தாயியும் சிரித்தாள். சுளகில் மிச்சமிருந்த அரிசியில் கல் பொறுக்கினாள். மறுநாள் காலை பஸ்ஸில் ஜொஹறாவே அவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள்.

நோன்பு வந்தது. கஞ்சிக்கு ஆட்கள் கூடினார்கள். போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்து நினைத்தே நாள் போயிற்று. பெருநாள் கழிந்து சில கிழமைகளுக்குப் பிறகு வவுனியாச் சந்தைக்குப் போனபோதுதான் பயற்றங்காய் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு அப்புத்துரை வீட்டுக்குப் போனாள்.

"அவள் எப்பவோ போயிட்டாளே" என்றாள் அப்புத்துரையின் மனைவி. "உங்களிட்டத்தான் வந்திருப்பாள் எண்டு நினைச்சம்."

"ஏன் போனவ?"

"நாங்கள் ஒரு குறையும் வைக்கேல்லை. உடுப்புக் குடுத்தம், சாப்பாடு குடுத்தம். ஆனா குசினிக்குள்ள எடுக்கேலாதுதானே. தோட்டத்து ஆக்கள், என்ன சாதியோ தெரியாது. பின்னுக்கு ஆலைக் கொட்டிலிலதான் படுக்க விட்டம்."

ஜொஹறா அந்தக் கொட்டிலை எட்டிப் பார்த்தாள். உமி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அளவு இடம் இருந்தது. பயற்றங்காயைக் கொடுத்தாளா, திரும்பக் கொண்டுவந்தாளா என்று பிறகு அவளுக்கு ஞாபகமில்லை.

திரும்பும் பஸ்ஸில் அன்ஸார் இருந்தான். காத்தாயியைப் பற்றிக் கேட்டாள்.

"ஓம் ராத்தா. பெருநாளுக்கு முந்தி வவுனியாவில ஏறினவ. உங்கட சந்தியிலதான் இறக்கினனான்."

"எங்கட சந்தியிலயோ?"

"ஓம். நாங்கள் முல்லைத்தீவு போய்த் திரும்பி வரேக்கையும் அந்தப் புளியமரத்துக்குக் கீழதான் நிண்டவ. கை காட்டி ஏறினவ. மோதினார் வீட்டில ஆக்கள் இல்லையோ எண்டு கேட்டன். 'இருக்காங்க, கஞ்சி குடுத்துக்கிட்டு இருக்காங்க' எண்டு சொன்னவ. புளியங்குளத்தில இறங்கிட்டா. அங்கயிருந்து எந்தப் பக்கம் போனாவோ தெரியாது."

 ஜொஹறா வீட்டுக்கு வந்து பள்ளி வாசலில் கஞ்சி வார்க்கும் இடத்தில் நின்று பார்த்தாள். புளிய மரம் நேரெதிரே தெரிந்தது. நோன்பு நாட்களில் ஒவ்வொரு பின்னேரமும் அந்தப் பக்கம் பார்த்தபடிதான் அவள் அகப்பை பிடித்திருக்கிறாள். எவ்வளவு யோசித்தும் அந்த மரத்தடியில் ஒரு பெண்ணைக் கண்டதாக நினைவு வரவில்லை.

சில நாட்கள் கழித்து ஹாஜியாரிடம் போனாள். இனி யாரையும் அனுப்பப் போவதில்லை, விரும்பியவர்கள் விரும்பும்வரை இருக்கட்டும் என்றாள். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போயிருந்தாள்.

"இருக்கட்டுமே" என்றார் ஹாஜியார். "அண்டைக்கும் நான் அனுப்பச் சொல்லேல்லையே, தங்கச்சி. கேட்டனான், அவ்வளவுதான்."

அது உண்மை. யாரும் சொல்லவில்லை. அவள் ஒருமுறை கேட்டிருந்தால் அவர் அன்றைக்கே சம்மதித்திருப்பார். அதை நினைத்துத்தான் அவள் அதிகம் அழுதாள்.

அதற்குப் பிறகு ஜொஹறா வீடு தேடவில்லை. யாராவது போக இடம் கேட்டால் விசாரித்துச் சொல்வாள், பிடிக்காவிட்டால் வந்துவிடச் சொல்லி இரண்டு மூன்று தரம் சொல்லுவாள். சிலர் வருஷக்கணக்கில் இருந்தார்கள். ஒரு முதியவள் அங்கேயே கண்ணை மூடினாள். அறுபத்துநாலு புயலில் கரையோரச் சனம் வீடிழந்தபோது, பள்ளிவாசல் ஆட்களோடு அவளும் முல்லைத்தீவுக்குப் போனாள். கிறிஸ்தவர்களின் வேதக் கோயில் வளவில் நிறைந்திருந்த சனத்துக்குச் சோறு பகிர்ந்தாள். கிறேஸ் என்ற மீன்பிடிக் குடும்பத்துப் பெண் கூடவே நின்று பரிமாறினாள். "அக்கா, சோறு ஆறுது. நீங்கள் என்ன, ஒவ்வொரு முகமாப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டாள். ஜொஹறா அடுத்த சோற்றுக் கோப்பையை நீட்டினாள்.

அதற்கடுத்த வருஷம், முரசுமோட்டையில் அரிவு வெட்டும் கூலிகளிடையே முதுகில் கூடை மாட்டிய ஒரு மலைநாட்டுப் பெண் இருப்பதாக வண்டிக்காரர் ஒருவர் வந்து சொன்னார். பாறூக் மறுப்புச் சொல்லவில்லை. பாங்கு சொல்ல வேறொருவரை ஒழுங்கு செய்துவிட்டு மனைவியோடு பஸ் ஏறினார். இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் விளைந்த வயல்கள் கண்ணுக்கெட்டிய வரை மஞ்சளாகக் கிடந்தன. வரம்பு வரம்பாக நடந்து அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தார்கள்.

அவள் வேறு யாரோ. வேறு தோட்டம், வேறு பெயர். காத்தாயியை அவளுக்குத் தெரியாது. தூரத்திலிருந்து வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று தன் சோற்றில் பாதியைப் பகிர்ந்து தந்தாள். ஜொஹறா வரம்பில் இருந்து அதைச் சாப்பிட்டாள்.

 திரும்பும் பஸ்ஸில், புளியங்குளம் நெருங்கும்போது புருஷனின் பக்கம் திரும்பினாள்.

"நான் அண்டைக்கு 'மடத்தில என்ன வேலை' எண்டு கேக்காட்டி, அவ உள்ளுக்கு வந்திருப்பாவோ?"

ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவர் பாறூக்.

"வந்திருப்பா" என்றார்.

ஜொஹறா தலையசைத்தாள். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சந்தி வரும்வரை அதை எடுக்கச் சொல்லிப் பாறூக் கேட்கவில்லை.