நான் சுருட்டிய ஜப்பான் சோறு

சோறு ஆறிப்போனால் எல்லார் வீட்டிலும் சண்டை வரும். சோற்றை விசிறியால் வீசி ஆறவைத்து விற்பதையே இரண்டு வருஷம் தொழிலாகச் செய்தவள் நான். ஆறின சோற்றில் புளிப்புக் காடியும் சர்க்கரையும் கலந்து, கடற்பாசியில் செய்த கறுப்புத் தாளின்மேல் பரப்பி, நடுவில் முட்டையோ வெள்ளரிக்காயோ வைத்து, மூங்கில் பாயால் சுருட்டி, வட்டம் வட்டமாக நறுக்கினால் அதற்குப் பேர் சுஷி. பச்சை மீன் வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். சிங்கப்பூர் வெயிலில் அதற்கு எனக்குத் தைரியம் இல்லை, வாங்குகிறவர்களுக்கும் இல்லை.

மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் படித்த படிப்புத்தான் என்னுடையது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிறத்தியாருக்குச் சமைத்துக் கொடுக்கிற சகோதரிகளுக்கு நான் படுகிற பாடு புரியும் என்றுதான் இதை எழுதத் துணிந்தேன்.

கஞ்சி வடித்தது

எங்கள் வீட்டுக்காரருக்கு மிடில் ரோட்டில் ஒரு ஜப்பான் பீங்கான் கடையில் சாமான் கட்டுகிற வேலை. கடைக்காரர் மனைவி ஒகினு, சனிக்கிழமைதோறும் சுஷி செய்து அக்கம்பக்கத்து ஜப்பான்காரர்களுக்கு விற்று வந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து உடம்பு தேறாமல் கிடந்தபோது, "என் வீட்டில் செய்து தருவாள்" என்று இவர் என்னைக் கேளாமலே சொல்லிவிட்டு வந்தார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். அப்படி ஆரம்பித்ததுதான்.

ஒகினு படுக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு தரம் செய்து காட்டினாள். எங்களுக்குள் பேச்சு எல்லாம் கடைத்தெருவில் எல்லாரும் பேசுகிற பாசார் மலாய்தான். வீட்டுக்கு வந்து அவள் கொடுத்த அரிசியை உலையில் போட்டேன். வெந்ததும் என் கை பாட்டுக்குத் தட்டை வைத்து மூடி, பானையைச் சாய்த்து, கஞ்சியை ஒட்ட வடித்துவிட்டது. சோறு பூப்போல உதிர்ந்தது. எனக்கு அதில் பெருமை வேறு! சுருட்டி நறுக்கினேன், ஒவ்வொரு துண்டும் பொலபொலவென்று கொட்டியது. வேறு வழியில்லாமல் அள்ளிக்கொண்டு போய் ஒகினு முன்னால் வைத்தேன். அந்த வாரம் யாருக்கும் சுஷி கிடைக்கவில்லை. அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரொம்ப நல்ல சோறு. ஆனால் ஒன்றோடு ஒன்று சண்டை போட்டதுபோல் தனித்தனியாக நிற்கிறதே."

இடது கை

சுஷியை ஒரு கையால் சுருட்ட முடியாது. பாயை இரண்டு கையாலும் பிடித்து, விரலால் சோற்றை உள்ளே அழுத்தி, ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். பிறந்தது முதல் சோற்றில் இடது கை படக்கூடாது என்று வளர்ந்தவள் நான். முதல் மாதம் வலது கையால் மட்டுமே சுருட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் பூசணி, ஒரு பக்கம் புடலங்காய் என்று வந்தது.

பிறகு என் மாமியார் ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கையாலும் சுருட்டப் பழகினேன். ஒரு நாள் அவர் பாதி வழியில் குடை எடுக்கத் திரும்பி வந்துவிட்டார். என் கையைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார்.

"ஏண்டி, அந்தக் கை எதுக்கு இருக்குன்னு சப்பான்காரனுக்கு யாருமே சொல்லிக் குடுக்கலியா?"

பாத்திமுத்து அக்கா

எங்கள் சந்து சிராங்கூன் ரோட்டுப் பக்கம், மாட்டுக்கொட்டில்களுக்குப் பின்னால். பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து அக்காவுக்கு நாகூர்ப் பக்கம். அவர் புருஷன் துணிக்கடை வைத்திருந்தார். நான் என்னதான் செய்கிறேன் என்று பார்க்காமல் அக்காவுக்குத் தூக்கம் வராது. வெள்ளரிக்காய் வைத்த துண்டு ஒன்றைக் கொடுத்தேன். வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். மரியாதைக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாய்க்குள்ள கடலே வந்துடுச்சு புள்ளே, முழுங்கவா துப்பவா, நீயே சொல்லு."

பின்வாசல்

சுஷியை எல்லாரும் கடைக்கு வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரே ஒரு பெட்டி மட்டும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. ஜப்பான் பெண்கள் இருக்கிற தெருவில் அந்த வீடு. என்ன மாதிரித் தெரு என்று நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் கோயில் ஜனங்கள் அதன் பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், "அந்தத் தெரு" என்பார்கள். ஒகினு கேட்டபோது இதற்கும் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்:

"பகல்ல போய், பின்வாசல்ல குடுத்துட்டு வந்துடு. அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

நுனித்துண்டு

பின்வாசலில் பெட்டியை வாங்கிக்கொள்ள வருகிறவள் ஒத்ஸ்யூ. என் வயசுதான் இருக்கும். பகல் வேளையில் முகத்தில் பூச்சு இல்லாமல், அவிழ்த்த தலையோடு, எங்கள் சந்துப் பெண்களில் ஒருத்தியைப் போலவே இருப்பாள். முதல் நாளே என் இடுப்பிலிருந்த ரோசாலியை வாங்கிக்கொண்டாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் பெண் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சுருளை நறுக்கும்போது இரண்டு நுனியும் ஒழுங்காக வராது. முட்டையும் வெள்ளரிக்காயும் வெளியே தொங்கும். அதை விற்க மாட்டோம். ரோசாலி அதைத்தான் சப்பிக்கொண்டு வருவாள். அதைப் பார்த்த ஒத்ஸ்யூ அடுத்த வாரம் தனக்கும் நுனி வேண்டும் என்றாள். அது முதல் ஒரு வாழையிலையில் நுனிகளைத் தனியாக மடித்துக் கொண்டுபோவேன். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து ஆளுக்கொன்றாகத் தின்பார்கள். எனக்குக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேச வராது. அந்தப் படியில் மட்டும் மலாயில் என்ன பேசினேன், எவ்வளவு பேசினேன் என்று கணக்கே இல்லை. என் பிள்ளைக்குப் பல் வந்தது, மாமியாரின் குடை, வீட்டுக்காரரின் பீடி, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ரோசாலிக்குச் சிவப்புத் துணியில் ஓர் எச்சில்துணி தைத்துக் கழுத்தில் கட்டிவிட்டாள். வீட்டில் கேட்டதற்கு, ஒகினு கொடுத்தது என்று சொன்னேன்.

ஏன் நுனி என்றால் இத்தனை ஆசை என்று ஒரு நாள் அவளைக் கேட்டேன்.

"எங்கள் வீட்டில் நுனி எனக்கும் தங்கச்சிக்கும்தான். அப்பா கேட்டால்கூட அம்மா தர மாட்டாள்."

தேர்த் திருவிழா

இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் இதைத் தள்ளிப்போட எழுதினது.

மாதா திருவிழா அன்று சாயங்காலம் தேர் வீதிக்கு வந்தது. மாமியார், மாமியாரின் தோழிகள், கோயில் உபதேசியார் மனைவி எல்லாரும் முன்வரிசையில் நின்றோம். ரோசாலி என் இடுப்பில். எதிர்ப்பக்கத்தில் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் ஒத்ஸ்யூ நின்றாள். எப்படியோ அன்று வெளியே வந்திருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. வீதியைக் கடந்து நேரே வந்து, "ரோசாலி!" என்று கையை நீட்டினாள். பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவள் மேல் தாவினாள்.

"யாருடி இவ? நம்ம புள்ளையப் பேர் சொல்லிக் கூப்பிடறா?" என்றார் மாமியார். தோழிகள் அவள் ஜப்பான் உடையைப் பார்த்தார்கள். உபதேசியார் மனைவி ஓரடி விலகினார்.

நான் பிள்ளையின் கைகளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன். "எனக்குத் தெரியாது அத்தே" என்றேன்.

ரோசாலி வீறிட்டு அழுதாள். நான் தமிழில் சொன்னது ஒத்ஸ்யூவுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் புரிந்துவிட்டது. நீட்டின கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். என்னைப் பார்க்கவே இல்லை. மாமியாருக்குத் தலை குனிந்து வணங்கி, அவருக்கும் புரிகிற மலாயில் சொன்னாள்:

"மன்னிக்க வேண்டும் அம்மா, வேறு யாரோ பிள்ளை என்று நினைத்துவிட்டேன்."

நாலு சனிக்கிழமை

அடுத்த சனிக்கிழமை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒத்ஸ்யூ வந்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள். கடைக்காரரிடம் குனிவதுபோல எனக்குக் குனிந்தாள். வாழையிலையை நீட்டினேன், பிள்ளைக்கு இருக்கட்டும் என்று கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். ரோசாலி படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். தூக்கிக்கொண்டு வந்தேன்.

சரி, வருகிற வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். வருகிற வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் வாய் திறந்தேன். காடி இந்தத் தடவை கொஞ்சம் தூக்கல் என்றுதான் வந்தது. அவள் தலையாட்டினாள்.

நாலாவது சனிக்கிழமை பெட்டியை வாங்க வேறொருத்தி வந்தாள். ஒத்ஸ்யூ எங்கே என்றேன். புதன்கிழமை கப்பலில், கடலுக்கு அப்பால் சண்டக்கானில் இருக்கிற இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். திரும்பி வருவாளா என்றேன். கதவைச் சாத்தப் போனவள் ஏதோ ஞாபகம் வந்ததுபோல நின்றாள்.

"சோறு கொண்டுவருகிற பெண் கேட்டால், சோறு எப்போதும் நன்றாக இருந்தது என்று சொல்லச் சொன்னாள்."

அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்கிற சகோதரிகளிடமெல்லாம் எனக்கு மலாய் சரியாக வராது, அதனால்தான் என்று சொல்லி வருகிறேன். ஆனால் மன்னித்துக்கொள் என்பதற்கு மலாயில் மொத்தமே இரண்டு வார்த்தைதான், அது எனக்குத் தெரியும்.